இலவச நாவல் கொடுத்துச் சந்தா சேர்ப்பது: கிரைம் எழுதுகிறவர்களுக்கு

த்ரில்லர் எழுதுகிறவர் ஒரு நாவலை இலவசமாகக் கொடுத்து, அதன் வழியாக, தொடர்கதை அத்தியாயம் அத்தியாயமாக மின்னஞ்சலில் வரும் கட்டண மின்மடலுக்குச் சந்தா சேர்ப்பது இப்போது பலருக்கும் தெரிந்த வழிதான். ஆனால் ஆயிரம் மின்னஞ்சல் முகவரி சேர்ந்தபிறகும் பத்துப் பேர்கூடப் பணம் கட்டவில்லை என்று நின்றுபோகிறவர்கள் அதிகம். மடலில் என்ன எழுதினோம், எத்தனை முறை அனுப்பினோம் என்று அங்கேயே குறை தேடுகிறார்கள். குறை பெரும்பாலும் புத்தகத்தில் இருக்கிறது. கொடுத்ததைப் படித்து முடித்தவர்தான் பணம் கட்டுவார். இறக்கி வைத்துவிட்டு மறந்தவருக்கு எத்தனை மடல் போட்டாலும் பயனில்லை. கோப்பு, படிவம், விலை எல்லாவற்றையும் இதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

முதலில், எதைக் கொடுப்பது? விற்காமல் கிடக்கும் பழைய நாவலைக் கொடுக்காதீர்கள். காசுக்கு விற்காதது இலவசமாகவும் விற்காது. புது நாவலின் முதல் மூன்று அத்தியாயமும் வேண்டாம். பாதியில் அறுத்துவிட்டுப் ‘பணம் கட்டினால் மீதி’ என்றால் வாசகருக்குக் கோபம்தான் வரும். கொடுக்க வேண்டியது ஒரு முழுக் குறுநாவல், 12,000 முதல் 15,000 வார்த்தை. புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் ஏறிக் கடலூர் போய்த் திரும்பி வரும் நேரத்தில் படித்துவிடலாம். கட்டணத் தொடரில் வரப்போகும் அதே துப்பறிவாளர், அதே ஊர், அதே வேகம், ஆனால் அதற்கு முந்தைய வழக்கு. கொலை செய்தது யார், ஏன் என்பது கடைசிப் பக்கத்துக்குள் முழுதாகத் தெரிந்துவிட வேண்டும். திறந்து வைக்க வேண்டியது ஒரே ஒரு இழை, அதுவும் வழக்கின் இழையாக இல்லாமல் ஆளின் இழையாக இருக்கட்டும்.

ஒரு உதாரணம். தென்பெண்ணைக் கரையில் பிணம் ஒதுங்குகிறது. இந்தக் கரை புதுச்சேரி ஸ்டேஷனுக்கு, அந்தக் கரை தமிழ்நாட்டு ஸ்டேஷனுக்கு என்று இரண்டு பக்கமும் தட்டிக்கழிக்கிறார்கள். நடுவில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் அந்த வழக்கை எடுத்து முடிக்கிறார். கொலையாளி பிடிபட்டாயிற்று. கடைசி அரைப் பக்கத்தில், பிணத்தின் சட்டைப்பையில் இருந்த பொருட்களின் பட்டியலைக் கோப்பில் சேர்க்கும்போது, அதில் தன் அப்பாவின் பழைய அடையாள அட்டை எண்ணை அவர் பார்க்கிறார். அவ்வளவுதான். வழக்கு தீர்ந்த திருப்தியோடு மூடும் வாசகருக்கு அடுத்த புத்தகத்தைக் கேட்கவும் ஒரு காரணம் இருக்கிறது.

இந்தப் பகுதியைக் களமாக வைத்து எழுதினால் உள்ளூர் விவரங்களில் வழுக்கக்கூடாது. புதுச்சேரிப் பிரதேசம் தமிழ்நாட்டு ஊர்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கிறது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் பார்த்தபிறகு எழுதுங்கள். புதுச்சேரிக் காவலருக்குச் சிவப்புத் தொப்பி. கடலூர் சாலையில் எல்லையான முள்ளோடையைத் தாண்டிவிட்டால் அந்தத் தொப்பியைப் பார்க்க முடியாது. கதை 1 ஜூலை 2024-க்குப் பிறகு நடப்பதென்றால் கொலைக்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 302 என்று எழுதாதீர்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 103. எல்லைச் சண்டையை வைத்துத்தான் கதையே என்றால், சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்வதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டிக்கழிக்கும் காட்சியை அதற்குப் பிறகும் வைக்கலாம், ஆனால் அங்கே சட்டத்தை மீறுகிறோம் என்று கதைக்குள் இருப்பவர்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். கிரைம் வாசகர் இதையெல்லாம் கவனிப்பார். இலவசப் புத்தகத்தில் இரண்டு இடத்தில் இடறினால் சந்தாவை மறந்துவிடலாம்.

அடுத்தது கோப்பு. தமிழில் இங்கேதான் நிறைய வாசகர்கள் உதிர்கிறார்கள். அச்சுக்காக டிடிபி செய்த கோப்பு பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால், அதை அப்படியே இபப் என்ற மின்புத்தக வடிவமாக ஆக்கும்போது திரையில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவிகள் மாற்றித் தரும், ஆனால் மாற்றியதை நம்பி விட்டுவிடாதீர்கள். கொம்பும் காலும் தனித்தனியாக உட்காரும். ‘கௌரவம்’ என்ற சொல்லில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் வந்திருக்கும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால்தான் கிடைக்காது. கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரமும் ரகரத்தின் இடத்தில் காலும் டைப் ஆகியிருப்பதும் உண்டு. ஒரு முறை முழுதாகக் கண்ணால் படித்துத்தான் ஆக வேண்டும்.

இரண்டு வடிவம் போதும்: இபப், பிடிஎஃப். ஏ4 அளவு பிடிஎஃப் போட்டால் மொபைலில் ஒவ்வொரு வரிக்கும் விரலால் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டியிருக்கும், மூன்றாம் பக்கத்தில் மூடிவிடுவார்கள். பக்கத்தை ஏ6 அளவுக்குச் சுருக்கி, 11 அல்லது 12 பாயின்ட்டில், நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்துக் கொடுங்கள். கிண்டில் வைத்திருப்பவருக்கு இபப் போதும். கோப்பைக் கிண்டிலுக்கு அனுப்பும் அமேசானின் சென்ட் டு கிண்டில் சேவை 2022-லிருந்து இபப் வாங்கிக்கொள்கிறது, பழைய மோபி வடிவம் இனிமேல் தேவையில்லை. முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் உங்கள் பதிவுப் பக்கத்தின் சுட்டியும் க்யூஆர் குறியீடும் கட்டாயம் இருக்கட்டும். இலவசப் புத்தகம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றத்தான் செய்யும். சுற்றட்டும், நல்லதுதான். யார் கையில் போய்ச் சேர்ந்தாலும் அங்கிருந்து உங்களிடம் வர ஒரு வழி வேண்டும், அவ்வளவே.

அமேசான் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அதே புத்தகத்தை, அமேசானில் மட்டுமே விற்க ஒப்புக்கொள்ளும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்த்திருந்தால், அந்த 90 நாளும் மின்வடிவம் அமேசானைத் தவிர வேறெங்கும் இருக்கக்கூடாது, உங்கள் சொந்தப் பக்கத்தில் இலவசமாகக்கூட. மாதிரிக்குப் பத்து சதவீதம் வரை வெளியே வைக்கலாம். செலக்ட் தரும் ஐந்து நாள் இலவசச் சலுகையில் டவுன்லோடு எண்ணிக்கை ஏறும், ஆனால் யார் எடுத்தார்கள் என்று அமேசான் சொல்லாது, முகவரி ஒன்றும் கையில் வராது. ஆகவே சந்தாவுக்காகக் கொடுக்கும் குறுநாவலைச் செலக்டுக்கு வெளியே வையுங்கள். விற்பனை நாவல்களைச் செலக்டில் வைக்கலாம். அமேசான் இந்தியாவில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் செலக்டில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் 35-தான். பின்னாளில் மின்மடல் தொடரைப் புத்தகமாக்கிச் செலக்டில் போடுவதானால், அதற்கு முன் இணையத்தில் கிடக்கும் பழைய அத்தியாயங்களை இறக்கிவிட வேண்டும். இதைச் சந்தாதாரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பதிவுப் படிவத்தில் பெயர், மின்னஞ்சல் இரண்டு மட்டும். போன் நம்பர் கேட்டால் பாதிப் பேர் திரும்பிப் போவார்கள். ‘நாவலை அனுப்புங்கள்’ என்பதும் ‘வாராவாரம் மடல் அனுப்புங்கள்’ என்பதும் வேறு வேறு சம்மதம். இரண்டாவதற்குத் தனிக் கட்டம், அதில் டிக் முன்கூட்டியே போட்டு வைக்காதீர்கள். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்பதும் இதுதான்: எதற்கு என்று தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், கொடுத்த எளிமையோடு திரும்பப் பெறவும் முடிய வேண்டும். நெய்வேலி புத்தகக் கண்காட்சி போன்ற இடத்தில் ஸ்டால் போட்டால் நோட்டில் முகவரி எழுதி வாங்காதீர்கள். கையெழுத்தில் ஒரு எழுத்து மாறினால் மடல் திரும்பி வரும், திரும்பி வரும் மடல்கள் கூடினால் நல்ல முகவரிகளுக்குப் போவதும் ஸ்பாமில் விழும். க்யூஆர் அட்டையை மேசையில் நிறுத்திவிடுங்கள்.

அனுப்புவது சொந்த டொமைன் முகவரியிலிருந்து இருக்கட்டும். ஜிமெயில் முகவரியை ‘அனுப்புநர்’ ஆக வைத்து வேறொரு சேவை வழியாக மொத்தமாக அனுப்பினால் பெரும்பாலும் ஸ்பாம்தான். மடல் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் டொமைன் அமைப்பில் போட வேண்டும். நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்குக் கூகுள் 2024 பிப்ரவரியிலிருந்து இதைக் கட்டாயமாக்கிவிட்டது. சிறிய பட்டியலுக்கும் போட்டுவைப்பதே புத்திசாலித்தனம்.

தமிழுக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. 102 கிலோபைட்டுக்கு மேல் போன மடலை ஜிமெயில் பாதியில் வெட்டி, மீதியைப் பார்க்க ஒரு சுட்டியைக் காட்டும். யூனிகோடில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் மூன்று பைட். ‘கொ’ என்று ஒன்று போட்டாலே ஆறு பைட். அதாவது ஆங்கிலத்தில் தாராளமாக உள்ளே அடங்கும் நீளம் தமிழில் வெட்டுப்படலாம். வெட்டுப்படுவது கடைசிப் பகுதி. த்ரில்லர் அத்தியாயத்தின் திருப்பமும் சந்தாச் சுட்டியும் இருப்பது அங்கேதான். அத்தியாயத்தை 1,500 முதல் 2,000 வார்த்தைக்குள் நிறுத்துங்கள், வேர்டிலிருந்து நேரடியாக ஒட்டாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத வடிவமைப்புக் குறிகள் அதோடு சேர்ந்து வந்து அளவை ஊதிவிடும்.

பதிவு செய்தவுடன் போகும் முதல் மடல் சுருக்கமாக இருக்கட்டும். இப்படி:

“வணக்கம். நீங்கள் கேட்ட நாவல் கீழே இருக்கிறது. மொபைலில் படிக்க முதல் சுட்டி, கிண்டிலுக்கு இரண்டாவது. எந்த ஊரிலிருந்து படிக்கிறீர்கள் என்று ஒரு வரி பதில் போடுங்கள்.”

பதில் போட்டவருக்கு அடுத்தடுத்த மடல்கள் ஸ்பாமில் விழும் வாய்ப்பு குறையும். வாசகர் எங்கே இருக்கிறார் என்பதும் உங்களுக்குத் தெரியும். மூன்றாம் நாள் இரண்டாவது மடல்: ‘படிக்க ஆரம்பித்தீர்களா, கோப்பு திறந்ததா’ என்று மட்டும். கோப்பு திறக்காமல் விட்டவர்களை மீட்பது இந்த மடல்தான், இதில் விற்காதீர்கள். ஏழாம் நாள், கதைக்குப் பின்னால் உள்ள ஒரு விஷயம்: எல்லை வரைபடம், பழைய துறைமுகம், 2011 டிசம்பர் 30-ல் கரை கடந்த தானே புயல் கதையில் எங்கே நுழைந்தது என்பது போல. பத்தாம் நாள் கட்டணத் தொடரின் முதல் அத்தியாயம் முழுதாக, அதன் அடியில் சந்தாச் சுட்டி. பணம் என்ற பேச்சு அதற்கு முன் வேண்டாம். யார் மடலைத் திறந்தார் என்ற எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். 2021-லிருந்து ஆப்பிள் மெயில் படங்களைத் தானே முன்கூட்டி இறக்குவதால் படிக்காதவரும் படித்த கணக்கில் வருவார். சுட்டியை அழுத்தியவரையும் பதில் எழுதியவரையும் எண்ணுங்கள்.

சந்தாவைத் திறக்கும் முன் குறைந்தது எட்டு அத்தியாயம் எழுதிக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும். வாரம் ஒன்று என்றால் இரண்டு மாதத் தாங்கல். காய்ச்சல், வீட்டு விசேஷம், மழைக்கால மின்வெட்டு எதற்கும் வாசகருக்கு அத்தியாயம் வரும் கிழமை தவறக்கூடாது. பணம் வாங்கியபிறகு ‘இந்த வாரம் அத்தியாயம் இல்லை’ என்று இரண்டு முறை சொன்னால் புதுப்பிக்க ஆள் இருக்காது.

பணம் வாங்கும் இடம் இந்தியாவில் கொஞ்சம் முட்கள் நிறைந்தது. மின்மடல் தளமான சப்ஸ்டாக், ஸ்ட்ரைப் என்ற கட்டணச் சேவை வழியாகத்தான் பணம் வாங்கும், பத்து சதவீதம் எடுத்துக்கொள்ளும். இந்தியாவில் ஸ்ட்ரைப் புதுக் கணக்கு 2024-லிருந்து அழைப்பு பெற்றவர்களுக்கு மட்டும். அதனால் பலருக்கு, இணையத்தில் பணம் வாங்கித் தரும் இந்தியப் பேமென்ட் கேட்வேயும், குறிச்சொல் வைத்து இலவசப் பட்டியலையும் கட்டணப் பட்டியலையும் பிரிக்கும் ஒரு மின்மடல் சேவையுமே நடைமுறை வழி. மாதம் 49 ரூபாய் தானாகப் பிடிக்கும் ஏற்பாட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொரு பிடித்தத்துக்கும் 24 மணி நேரம் முன்பே வாசகருக்கு அறிவிப்புப் போகும். வாசகர் நலனுக்கு அது சரியான விதி. ஆனால் மாதாமாதம் ‘இது வேண்டுமா’ என்று அவரே யோசிக்கும் சந்தர்ப்பமும் அதுதான். ஆண்டுக்கு ஒரே தவணை, யுபிஐயில் ஒரு முறை கட்டுவது, தானியங்கிப் புதுப்பிப்பு இல்லை. இதுதான் இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி.

கணக்கை அடக்கமாகப் போடுங்கள். ஆயிரம் இலவச வாசகரில் இருபது பேர் கட்டுவார்கள் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுச் சந்தா 499 ரூபாய் வீதம் 9,980. கேட்வே இரண்டு சதவீதமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் போக 9,744 ரூபாய் சொச்சம் கையில் நிற்கும். இதற்கு மேல் வந்தால் சந்தோஷம், ஆனால் அட்டைப்பட ஓவியருக்கும் விளம்பரத்துக்கும் செலவழிப்பதை இந்த எண்ணை வைத்தே முடிவு செய்யுங்கள்.

புதுச்சேரியில் உட்கார்ந்து கடலூர் வாசகருக்கு விற்றால் அது மாநிலம் விட்டு மாநிலம் விற்பது என்று சிலர் பயப்படுகிறார்கள். ஆண்டு வருவாய் 20 லட்சத்துக்குள் இருக்கும்வரை சேவைக்கு, எல்லை தாண்டினாலும், ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வருமான வரிக் கணக்கில் மட்டும் காட்டிவிடுங்கள்.

சந்தா முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஒரு மடல், ஒரு வாரம் இருக்கும்போது ஒன்று, முடிந்த மறுநாள் ஒன்று. மூன்றிலும் கட்டணச் சுட்டியும், அடுத்த ஆண்டு வரப்போகும் வழக்கின் ஒரு பத்தியும் இருக்கட்டும். புதுப்பிக்காதவரை நீக்கிவிடாமல் இலவசப் பட்டியலுக்கு மாற்றுங்கள். அடுத்த குறுநாவலை அவருக்கும் அனுப்புங்கள். ஆறு மாதமாக எந்தச் சுட்டியையும் தொடாத முகவரிக்கு மட்டும் ‘தொடர்ந்து அனுப்பவா’ என்று ஒரு முறை கேட்டுவிட்டு, பதில் வராவிட்டால் எடுத்துவிடுங்கள்.