‘வென்ட்’டைப் பறிகொடுத்த வினைச்சொல்

சென்ற வாரம் ஒரு பயணக் கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது, சுமையோடு மலைப்பாதையில் ஏறும் கழுதைக் கூட்டத்தைப் பற்றிய வரியில் ‘வெண்ட்’ (wend) என்னும் பழைய ஆங்கில வினைச்சொல் வந்தது. முதலில் ‘சென்றன’ என்று எழுதினேன். மனம் ஒப்பாமல் அடித்துவிட்டேன்.

பழைய ஆங்கிலத்தில் ‘வெண்டன்’ என்றால் திரும்புதல், திருப்புதல். வளைதலைக் குறிக்கும் ‘வைண்ட்’ இதற்கு நெருங்கிய உறவு. ஜெர்மன் மொழியில் ‘வெண்டன்’ இன்றும் திருப்புவதையே குறிக்கிறது. ஆங்கிலத்திலோ ஒரு பக்கமாகத் திரும்புதல் என்ற பொருள், அந்தப் பக்கம் போதல் என்று விரிந்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர், கான்டர்பரி என்னும் திருத்தலத்துக்குப் புறப்படும் யாத்திரிகர்களுக்கு இந்த வினையைத்தான் சூட்டினார். அன்று அது புழக்கத்தில் இருந்த சொல்.

இதன் இறந்தகாலம்தான் என்னை வியக்க வைக்கிறது. ‘வண்டி’யில் உள்ளதுபோல் மென்மையாக ஒலிக்கும் ஈற்று டகரம், இறந்தகாலத்தில் ‘பட்டு’வின் டகரம்போல் வல்லொலியாகும்: அனுப்புதலைக் குறிக்கும் ‘செண்ட்’ ‘சென்ட்’ ஆவதும், செலவிடுதலைக் குறிக்கும் ‘ஸ்பெண்ட்’ ‘ஸ்பென்ட்’ ஆவதும் இப்படித்தான். அவ்வாறே ‘வெண்ட்’ ‘வென்ட்’ ஆயிற்று. ‘கோ’ என்னும் வினைக்கு அப்போது ‘ஏயொடெ’ என்ற வேறோர் இறந்தகால வடிவம் இருந்தது. அது வழக்கொழிய, 15ஆம் நூற்றாண்டை ஒட்டி ‘வென்ட்’ அந்த இடத்தில் அமர்ந்தது. பள்ளிக்கூடத்தில் ‘கோ, வென்ட், கான்’ என்று காரணம் தெரியாமலே உருப்போட்ட நாம் அனைவரும் இந்தப் பழஞ்சொல்லின் பாதியை நாள்தோறும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். தன் வடிவத்தைப் பறிகொடுத்த வினை, ‘வெண்டெட்’ என்று புதியதொன்றை ஆக்கிக்கொண்டது.

இன்று அது பெரும்பாலும் ‘வழி’ என்ற பொருள்படும் ‘வே’யைத் துணைக்கு அழைத்துக்கொண்டே வருகிறது. ஊர்வலம் தெருக்களைச் சுற்றிவருவதற்கும், ஆறு பள்ளத்தாக்கில் நெளிந்தோடுவதற்கும், மசோதா ஒன்று நாடாளுமன்றத்தின் படிநிலைகளை மெல்லக் கடப்பதற்கும் பொருந்தும். நேர்கோட்டில் விரையும் ரயிலுக்குப் பொருந்தாது. அவசரமின்மையும் வளைவும் அச்சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. ‘வைண்ட்’ என்று எழுத வேண்டியதைப் பிழையாக இப்படி எழுதுகிறார்கள் என்று சிலர் திருத்துவதுண்டு. அது தேவையற்ற திருத்தம். இரண்டும் சரியான வழக்குகளே.

பழமை தொனிக்கட்டும் என்று ‘ஏகின’ போட்டுப் பார்த்தேன். அது காவியத்துக்கு உரியது. கழுதைகளின் முதுகில் அரிசி மூட்டையோடு சேர்த்து அதையும் ஏற்றத் தோன்றவில்லை. ‘வளைந்து வளைந்து மெல்ல மேலேறின’ என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.