மூன்று விரல் அகலம்

என் கார் முன்சக்கர இயக்கம். போன மாதம் நாற்கரச் சாலையை விட்டு இறங்கும் நீண்ட வளைவில் கொஞ்சம் வேகமாகவே போய்விட்டேன். ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப வண்டி வெளிப்பக்கமே போனது. கையில் ஸ்டீயரிங் சட்டென லேசாகிவிட்டது. பதறாமல் ஆக்ஸிலரேட்டரை மெல்லத் தளர்த்தினேன், மூக்கு உள்ளே வந்தது.

டயருக்குப் பிடிப்பு ஓர் அளவுதான். வண்டியை இழுப்பதும் திருப்புவதும் அதே முன்டயர்கள் என்றால், ஒரு வேலைக்குக் கூடப் போனால் மற்றதற்குக் குறையும். இப்படி ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி வெளிப்பக்கம் போவதுதான் அண்டர்ஸ்டீர். பின்சக்கர இயக்கத்தில் வேலை பிரிந்துவிடுகிறது. ஆனால் வளைவில் ஆக்ஸிலரேட்டரை அதிகமாக மிதித்தால் வால் வெளியே வரும்.

சரி, பழைய போர்ஷே 911 ஸ்போர்ட்ஸ் காரைப் பாருங்கள். எஞ்சின் பின் அச்சையும் தாண்டித் தொங்குகிறது. வளைவை விட்டு வெளியேறும்போது அந்த எடை பின்டயர்களை அழுத்துவதால் அபாரமான இழுவை. ஆனால் வளைவின் நடுவில் பயந்து காலை எடுத்தால் எடை முன்னால் சாயும், பின்டயர்கள் பிடிப்பை இழக்கும், கனமான பின்பகுதி ஊசல் போலச் சுழற்றிவிடும். என்னைக் காப்பாற்றிய அதே காரியம் அங்கே ஆளைக் கவிழ்க்கும்!

இதைச் சரிசெய்ய போர்ஷேக்காரர்கள் ஆரம்பத்தில் முன் பம்பருக்குள் பக்கத்துக்கு 11 கிலோ இரும்புக் கட்டிகளை வைத்துப் பார்த்தார்கள். அப்புறம் 1969 மாடலில் எஞ்சினை நகர்த்தாமல் பின்சக்கரங்களை 57 மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளினார்கள். ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன், என் மூன்று விரல் அகலம். அவ்வளவுக்கே வண்டியின் குணம் நன்றாக அடங்கியது.