கல்லுண்டாய் வெளியில் பத்துக் கிலோமீற்றர்

நோர்வேயின் பேர்கன் நகரில் பிறந்து வளர்ந்த நான், கணவருக்கு யாழ்ப்பாணத்தில் வேலை அமைந்ததால், சென்ற ஆண்டு தை மாதம் ஆனைக்கோட்டையில் குடிவந்தேன். அம்மாவும் அப்பாவும் பிறந்த மண் என்றாலும் எனக்கு இது புதிய நாடுதான். தமிழ் தெரிந்திருந்தும், யாரை அக்கா என்பது, யாரை அன்ரி என்பது, சந்தையில் எந்தச் சொல்லால் எதைக் கேட்பது என்று ஒவ்வொன்றையும் புதிதாகப் பழகவேண்டியிருந்தது. பழகத் தேவையில்லாமல் என்னோடு வந்த ஒன்று ஓட்டம் என்றே நம்பியிருந்தேன்.

எங்கள் ஒழுங்கையால் அதிகாலை ஐந்து மணிக்கு ஓடிய முதல் நாள், படலையடியைக் கூட்டிக்கொண்டிருந்த அயல்வீட்டு அன்ரி விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, “பிள்ளை, ஆருக்கு என்ன? ஆஸ்பத்திரிக்கோ போறீர்?” என்று பதறிக்கொண்டு வந்தார். மரதனுக்குப் பழகுகிறேன் என்று சொன்னதும் அவருடைய முகம் மாறிவிட்டது. “மரதனோ? நானும் ஓடினனான். எங்கட இல்லம்தான் அந்த வருசம் முதலாவது” என்றார்.

உலகம் அறிந்த மரதன் 42.195 கிலோமீற்றர் தூரம் கொண்டது. 1908 ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட அந்தத் தூரமே 1921 இல் நிலையான அளவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. யாழ்ப்பாணத்திலோ, முதலாந் தவணையில், மாணவர்கள் இல்லங்கள் என்ற அணிகளாகப் பிரிந்து மோதும் இல்ல மெய்வல்லுநர் போட்டியை ஒட்டிப் பாடசாலைகள் வீதியில் நடத்தும் ஓட்டத்துக்கு, அது ஐந்து கிலோமீற்றர் ஆனாலும் எட்டு ஆனாலும், மரதன் என்றுதான் பெயர். தொடக்கத்தில் நான் இதைத் திருத்தப் பார்த்தேன். அது எவ்வளவு பிழையான வேலை என்பது சில கிழமைகளில் விளங்கியது. மீன் கொண்டுவருபவர், தபாற்காரர், கணவரின் பெரியம்மா என்று எல்லோருக்கும் சொந்தமாக ஒரு மரதன் இருந்தது. எந்தச் சந்தியில் தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தார்கள், யார் குச்சொழுங்கையால் குறுக்கே புகுந்து பிடிபட்டார், முடிவில் எத்தனை தோடம்பழத் துண்டு கிடைத்தது என்பதை நேற்று நடந்ததுபோலச் சொன்னார்கள். ஓட்டத்தை இந்த ஊருக்கு நான் கொண்டுவரவில்லை. எனக்கு முன்னமே அது இங்கே இருந்தது. அந்த ஒரு சொல்லால்தான் முன்பின் தெரியாதவர்களோடு பேசத் தொடங்கினேன்.

முழு மரதனுக்கான 18 வாரப் பயிற்சியை வைகாசியில் தொடங்கினேன். பயிற்சி அட்டவணை பேர்கனில் எழுதப்பட்டது. அங்கே ஆடி மாதத்துப் பகலிலும் வெப்பநிலை 18 பாகை செல்சியசைச் சுற்றியே நிற்கும். இங்கே விடியுமுன்னரே என் கைக்கடிகாரம் 27 காட்டியது. வெப்பத்தைவிட ஈரப்பதன்தான் கொடியது. வியர்வை உடலைக் குளிர்விப்பது ஆவியாகும்போது மட்டுமே. காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து வீணாகிறது. தோலைக் குளிர்விக்க இரத்தம் அங்கே திருப்பப்படுவதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கவேண்டியிருக்கிறது. கிலோமீற்றருக்கு 5 நிமிடம் 50 செக்கன் என்ற என் பழைய வேகம், அதே இதயத் துடிப்பில், இங்கே 6 நிமிடம் 50 செக்கனாகிவிட்டது. தினமும் வெப்பத்தில் ஓடினால் பத்துப் பதினான்கு நாட்களில் உடல் ஓரளவு பழகிக்கொள்கிறது: இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது, அதில் உப்புக் குறைகிறது. என் உடலும் பழகியது. மனம்தான் பழைய எண்ணை விடவில்லை.

ஐந்தாவது வாரத்தில், ஆனி மாதக் கடைசி ஞாயிறன்று, அராலிப் பக்கத்தில் ஒரு விளையாட்டுக் கழகம் வீதியோட்டம் ஒன்றை ஒழுங்குசெய்திருந்தது. ஆண்களுக்கு 10 கிலோமீற்றர், பெண்களுக்கு 5 என்று அறிவித்திருந்தார்கள். எனக்கும் பத்து வேண்டும் என்று செயலாளரிடம் கேட்டேன். அவர் இரண்டு பேரோடு கலந்து பேசிவிட்டு வந்து, “ஓடுங்கோ அக்கா. ஆனா பெண்களுக்குப் பரிசு அஞ்சுக்குத்தான் இருக்கு” என்றார். ஒளிவுமறைவு இல்லாத அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

ஐந்தே முக்காலுக்குத் தொடங்கவேண்டிய ஓட்டம், பிரதம விருந்தினர் வரத் தாமதமானதால் ஆறரைக்குத்தான் தொடங்கியது. வெயில் ஏறும் ஊரில் முக்கால் மணித்தியாலம் சிறிய விடயம் அல்ல. ஓடுபவர்களின் உடல்நலத்தை நினைத்தாவது இதை மாற்றவேண்டும் என்றே இன்றும் எண்ணுகிறேன். விசில் ஊதியதும் பாடசாலை மாணவர்கள், அவர்களில் பலர் வெறுங்காலோடு, பறந்துவிட்டார்கள். நான் அட்டவணைப்படி மெதுவாகவே தொடங்கினேன். மாரியில் மட்டும் நீர் ஓடும் வழுக்கையாறு கடலைச் சேரும் இடத்தருகே அராலிப் பாலத்தைக் கடந்தபோதும் மூச்சு நிதானமாகவே இருந்தது.

பாலத்துக்கு அப்பால் கல்லுண்டாய் வெளி. நிழலுக்கு ஒரு மரமும் இல்லாத அந்த உவர்நிலத்தில், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று வலத் தோளில் வந்து மோதியது. காற்று வியர்வையை உலர்த்தியதால் குளிர்ச்சியாக உணர்ந்தேன்; உடல் தேறிவிட்டதாக நினைத்துவிட்டேன். முன்னால் நான்கு மாணவர்கள் சோர்ந்து வருவதைக் கண்டதும், அவர்களைப் பிடித்துவிடலாம் என்ற ஆசை எழுந்தது. பிடித்தேன். கடிகாரத்தில் பேர்கன் வேகம் தெரிந்தது. அதைக் கண்டு மகிழ்ந்தேன். திரும்பும் இடத்தைக் கடந்ததும் காற்று முதுகுப் பக்கமாகிவிட, எங்கள் வேகத்திலேயே அது கூடவந்ததால், காற்றே இல்லாததுபோல் ஆனது. ஏழாவது கிலோமீற்றரில், அந்த வெயிலில், கைகளில் மயிர்க்கூச்செறிந்தது. உடல் வெப்பத்தைத் தாங்க முடியாமல் தவிக்கும்போது இப்படிக் குளிர்வதுபோல் தோன்றும் என்று படித்திருந்ததால், உடனே நடக்கத் தொடங்கினேன். பாதுகாப்புக்காகச் சைக்கிளில் வந்த கழகத்துப் பெடியன் ஒருவன் இறங்கி, உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர்ப் போத்தலை நீட்டி, “நடவுங்கோ அக்கா, நானும் வாறன்” என்று சொல்லி, பாலம் வரைக்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டு பக்கத்திலேயே வந்தான். கடைசி இரண்டு கிலோமீற்றரை மெல்ல ஓடி, 1 மணித்தியாலம் 16 நிமிடத்தில் முடித்தேன்.

முடிவிடத்தில் நிறுத்தற்கடிகாரத்தோடு அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர், எனக்குத் தோடம்பழத் துண்டொன்றைத் தந்துவிட்டு, “அஞ்சாம் கிழமையிலை ஆரும் போட்டியை முழு மூச்சா ஓடுவினமோ?” என்று கண்டித்தார். பின்னர் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கைப் பற்றிச் சொன்னார். அந்த ஒலிம்பிக்கில் உயரம் பாய்தலில் பங்குபற்றியவர் யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கம். 1958 இல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றவரும் அவரே. அதே ஹெல்சிங்கியில்தான் செக்கோஸ்லோவாக்கியாவின் சட்டோபெக் தன் வாழ்வின் முதல் மரதனை ஓடி வென்றார். தொடக்கத்தில் வேகமாக முன்னால் ஓடிய இங்கிலாந்தின் ஜிம் பீற்றர்ஸ் ஓட்டத்தை முடிக்கவே இல்லை. “நீர் இண்டைக்கு ஆர் மாதிரி ஓடினீர்?” என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

பெயர்களை வாசித்த அறிவிப்பாளர் என்னருகே வந்து, எந்த ஊர் என்று கேட்டார். நான் பேர்கன் என்று தொடங்குமுன்பே, சைக்கிளில் வந்த பெடியன் எங்கள் ஒழுங்கையின் பெயரைச் சொன்னான். ஒலிபெருக்கியில் என்னை ஆனைக்கோட்டை மருமகள் என்று அறிவித்தார்கள்.

அன்று மாலையே கடிகாரத் திரையிலிருந்து வேகத்தைக் காட்டும் பகுதியை நீக்கிவிட்டேன். இப்போது பேசிக்கொண்டு ஓட முடிகிறதா என்பதே என் அளவு. பேசுவதற்கு, அன்று நான் துரத்திப் பிடித்த நால்வரில் இருவர் ஞாயிறு தோறும் நாலே முக்காலுக்குச் சந்திக்கு வருகிறார்கள். ஆறாவது வாரத்தில் 16 கிலோமீற்றர் ஓடப் புறப்பட்டபோது, அன்ரி படலையைத் திறந்துகொண்டு நின்றார். “எத்தினை மணிக்குத் திரும்புவீர் பிள்ளை?” என்று கேட்டார். ஏழு மணியாகும் என்றேன். “அப்ப ஆறே முக்காலுக்குக் கரைச்சு வைக்கிறன்” என்று சொல்லிவிட்டு, தேசிக்காய் ஆய உள்ளே போனார்.