ஒரு வருஷம் புரொபேஷன்

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம் வந்தா சி.வி. ராமன் போட்டோ போட்டு வாழ்த்து சொல்றோம், நானும்தான் போட்டிருக்கேன். ஆனா 1933ல பாம்பேல டிகிரி முடிச்சிட்டு கமலா பாக்வத்னு ஒரு பொண்ணு பெங்களூரு ஐஐஎஸ்சிக்கு (இந்திய அறிவியல் நிறுவனம்) அப்ளை பண்ணப்போ, பொம்பளப் புள்ளைக்கு இடமில்லன்னு சொன்னதும் அப்போ அங்க டைரக்டரா இருந்த அதே மனுஷன்தான்.

அந்தம்மா விடல, நேர்ல போய் நின்னு சண்ட போட்டாங்க, அப்புறம் ஒரு வருஷம் புரொபேஷன்ல சேத்துக்கிட்டாங்க, லேப்ல இருக்க பசங்க கவனத்த கெடுக்கக் கூடாதுன்னு கண்டிஷன் வேற (பசங்களுக்கு என்ன கண்டிஷன்னு கேக்காதீங்க). 1939ல கேம்பிரிட்ஜ்ல பிஹெச்டி, சப்ஜெக்ட் பயோகெமிஸ்ட்ரி, கல்யாணத்துக்கு அப்புறம் கமலா சோஹோனி.

எங்க வீட்டு பொண்ணும் பயோகெமிஸ்ட்ரிதான் படிக்குறா. மூணு வருஷத்துல ஒரு தடவகூட இந்தப் பேர கிளாஸ்ல கேட்டதில்லையாம்.