1.23 வோல்ட், எதற்கு எதிராக? ஒளிமின்வேதியியல் வைவாவுக்கு

ரிசல்ட் வந்தாச்சு, இனி தைரியமாக எழுதலாம். எம்.எஸ்சி. புராஜெக்ட்டாக ஒளிமின்வேதியியல் (ஒளி பட்ட மின்வாயால் நீரைப் பிரிப்பது போன்றவை) எடுத்தவர்களுக்கு வைவாவில் மார்க் போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். "1.23 வோல்ட்டில் இவ்வளவு மின்னோட்டம்" என்பார்கள். எதற்கு எதிராக என்று கேட்டால் முழிப்பார்கள்.

நீரைப் பிரிக்கும் அந்த 1.23, ஆர்.எச்.இ. (மீள் ஹைட்ரஜன் மின்வாய்) கணக்கு. பொட்டென்ஷியோஸ்டாட்டில் (மின்வாய்க்கு மின்னழுத்தம் கொடுத்து மின்னோட்டம் அளக்கும் கருவி) நீங்கள் வைப்பது வெள்ளி/வெள்ளி குளோரைடு மின்வாய்க்கு எதிரான எண். அதோடு 0.197-ஐயும், 0.059 × பிஹெச்-ஐயும் கூட்டுங்கள் (0.197 என்பது செறிவுற்ற பொட்டாசியம் குளோரைடுக்கு. 3 மோலாருக்கு 0.21). பிஹெச் 7 பாஸ்பேட்டில் 1.23 வேண்டுமென்றால் வைக்க வேண்டியது 0.62தான். 1.23-ஐ அப்படியே வைத்தால் உண்மையில் 1.84-ல் நிற்கிறீர்கள். அங்கே இருட்டு மின்னோட்டமும் தலைகாட்டும். அதையும் ஒளியின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

இதைப் பிடிக்க, 5 விநாடி ஒளி, 5 விநாடி இருட்டு என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒளியை மூடியதும் மின்னோட்டக் கோடு சுழிக்கு விழ வேண்டும். திறந்ததும் கூர்முனையாக எழுந்து சரிந்தால், துளைகள் (ஒளியால் எலக்ட்ரான் விட்டுப்போன நேர்மின் இடங்கள்) பரப்பில் தேங்கி எலக்ட்ரான்களோடு மறுசேர்கின்றன. துளைகளை எளிதில் வாங்கிக்கொள்ளும் சோடியம் சல்ஃபைட்டை 0.1 மோலார் அளவில் போட்டு மறுபடி எடுங்கள். முனை மறைந்து மின்னோட்டம் ஏறினால் குறை பரப்பில். அப்போதும் ஏறாவிட்டால் பொருளின் உள்ளேயே கோளாறு. இந்த ஒரு படம் பத்து எஸ்.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படங்களுக்கு மேல்.

கேட்கக்கூடியவை:

- டைட்டானியம் டை ஆக்சைடு: இதில் ஒளியால் நீரைப் பிரித்துக் காட்டியவர்கள் ஃபுஜிஷிமா, ஹோண்டா, 1972. ஆற்றல் இடைவெளி ரூட்டைலுக்கு 3.0, அனட்டேஸுக்கு 3.2 எலக்ட்ரான்வோல்ட். மாற்றிச் சொல்லாதீர்கள்.
- பிஸ்மத் வனடேட்: ஆற்றல் இடைவெளி 2.4 எலக்ட்ரான்வோல்ட், உறிஞ்சும் அலைநீள எல்லை 1240 ÷ 2.4 = 517 நானோமீட்டர். ஒரு சூரிய ஒளியில் (சதுர செ.மீ.க்கு 100 மில்லிவாட்) மின்னோட்டத்தின் உச்சம் சதுர செ.மீ.க்கு சுமார் 7.5 மில்லி ஆம்பியர். அதைத் தாண்டினால் கண்டுபிடிப்பு அல்ல. மின்வாயின் ஓரங்களை மறைக்கும் எப்பாக்ஸி பசையைச் சரியாகப் பூசாததால் பரப்பளவு தப்பியிருக்கும், இல்லையென்றால் விளக்கு தப்பு.
- கண்ணாடிப் பக்கமிருந்து ஒளி விட்டால் ஏன் கூடுகிறது? பிஸ்மத் வனடேடில் எலக்ட்ரான் நகர்வு மந்தம், எஃப்.டி.ஓ. (கண்ணாடி மேல் உள்ள மின்கடத்தும் பூச்சு) அருகிலேயே பிறந்தால் தூரம் குறைவு.
- 1.23-ல் அரைச்செல் திறன்? சுழி. மின்னோட்டம் × (1.23 − வைத்தது) ÷ ஒளித்திறன் என்ற வாய்ப்பாட்டில் போட்டுப் பாருங்கள்.

வாயு அளந்திருந்தால்: 1 மில்லி ஆம்பியர், 1 மணி நேரம், 3.6 கூலும். அதற்கு 18.7 மைக்ரோமோல் ஹைட்ரஜன் வர வேண்டும். 15 வந்தால் ஃபாரடே திறன் (வர வேண்டியதில் வந்த பங்கு) 80 சதவீதம். மின்வாயைக் குறை சொல்லும் முன் ரப்பர் அடைப்பில் கசிவு பாருங்கள்.

செனான் விளக்கின் சதுர செ.மீ.க்கு 100 மில்லிவாட்டை விளக்கின் வாயில் அளக்காதீர்கள், மின்வாய் நிற்கும் இடத்தில் அளங்கள். ஏ.எம். 1.5 வடிகட்டி (விளக்கொளியைச் சூரிய ஒளி போலாக்குவது) மாட்டிய பிறகு.