மேலே தாம்சன், கீழே யார்?

ஒரே தண்ணீர், ஒரே உரம். ஆனால் ஒரு வரிசை கரும்பச்சையாகத் தழைத்து நிற்கும், பக்கத்து வரிசையில் இலையோரம் கருகியிருக்கும். மேலே இரண்டுமே தாம்சன் சீட்லெஸ் என்ற விதையில்லாத் திராட்சைதான். அதை ஒட்டுக் கட்டியிருக்கும் கீழ்ச்செடி, அதாவது வேர்ச்செடிதான் வேறு. கொடி மண்ணிலிருந்து எதை எடுக்கும், எதை விடும் என்பதைப் பெரும்பாலும் அதுதான் தீர்மானிக்கிறது.

மகாராஷ்டிரத்தின் நாசிக், சாங்லி பக்கம் வறட்சியும் உவர்நீரும் சொந்த வேர்க் கொடிகளை வாட்டியபோது பரவலாக நடப்பட்ட வேர்ச்செடி டாக்ரிட்ஜ். வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்கும், வளம் குறைந்த மண்ணிலும் வேகமாக வளரும். அந்த வேகமே வளமான மண்ணில் வினையாகிவிடும். தழைச்சத்தை அள்ளி இழுத்துப் பந்தல் முழுக்க இலையாக்கும். நிழலில் கிடக்கும் மொட்டுக்கண்களில் பூங்கொத்து உருவாகாது. டாக்ரிட்ஜ் கொடி கொழுத்து நின்றால் முதலில் யூரியாவைக் குறையுங்கள். மணற்பாங்கான மண்ணில் துத்தநாகப் பற்றாக்குறையும் இதில் எளிதில் வரும்: சிறு இலை, குலையில் பெரிதும் சிறிதுமாகக் காய்கள்.

இதைவிடப் பெரிய கவலை சோடியம். உவர்நீர் பாயும் தோட்டங்களில் ஆண்டுகள் போகப்போக டாக்ரிட்ஜ் கொடியின் இலைகளில் சோடியம் சேர்கிறது, சாம்பல் சத்து (பொட்டாசியம்) இறங்குகிறது. இலை கருக்கிறது. இதைப் பார்த்துவிட்டுப் பொட்டாஷ் குளோரைடைக் கொட்டுவது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான்; அதிலுள்ள குளோரைடும் இலையோரத்தைக் கருக்கும். பொட்டாசியம் சல்பேட்டே சரி. மண்ணில் சுண்ணாம்பு இல்லாவிட்டால் ஜிப்சம், இருந்தால் கந்தகம் இட்டு, நல்ல நீரால் உப்பை வேருக்குக் கீழே கழுவி இறக்க வேண்டும். புதிதாக நடுபவர்கள், தண்ணீரில் சோடியம் அதிகமென்று பரிசோதனை சொன்னால், 110ஆர் அல்லது 1103பி வேர்ச்செடி பக்கம் போவது நல்லது. இரண்டும் சோடியத்தை இலைக்கு ஏற்றுவது குறைவு.

எஸ்ஓ4 என்ற வேர்ச்செடி டாக்ரிட்ஜுக்கு நேர்மாறு. சாம்பல் சத்தைத் தாராளமாக எடுக்கும், மெக்னீசியத்தில் ஏமாறும். அடியிலைகளில் நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மஞ்சளிக்கும், காய் பழுக்கும் நேரத்தில் குலைக்காம்பு காயும். இதில் பொட்டாஷைக் கூட்டினால் நோய்தான் கூடும்.

சுண்ணாம்பு மண் தனிக் கதை. 1887இல் திராட்சை ஆய்வாளர் பியேர் வியாலா பிரான்சிலிருந்து அமெரிக்கா போனதே அதற்காகத்தான்: வேரைத் தாக்கும் பைலாக்சரா பூச்சியைத் தாங்கிய ரிப்பாரியா என்ற அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர்கள் சுண்ணாம்பு நிலத்தில் இரும்பு எடுக்க முடியாமல் வெளுத்தன. டெக்சாஸின் சுண்ணாம்புக் குன்றுகளில் கிடைத்த பெர்லாண்டியேரி என்ற காட்டுத் திராட்சை இனம்தான் 110ஆர், 1103பி, 41பி ஆகிய வேர்ச்செடிகளின் ஒரு பெற்றோர்.

எந்த வேரானாலும் இலைக்காம்புப் பரிசோதனையை விடாதீர்கள். ஏப்ரல் கவாத்துக்கு 45 நாள் கழித்து ஐந்தாம் இலையின் காம்பு, காய்க்கவாத்துக்குப் பின் முழுப்பூப் பருவத்தில் பூங்கொத்துக்கு எதிரே உள்ள இலையின் காம்பு. வெவ்வேறு வேர்ச்செடி வரிசைகளின் மாதிரியை ஒன்றாகக் கலந்தால் வரும் சராசரி எண் எந்தக் கொடிக்கும் பொருந்தாது.

ஒட்டுக் கட்டும்போது வேர்ச்செடி பென்சில் பருமன் இருக்கட்டும். ஆப்பு ஒட்டு, வெட்டு 3 முதல் 4 செ.மீ., மேலே செருகும் தாம்சன் குச்சியில் இரண்டு கண். பருமன் ஒத்துவராவிட்டால் ஒரு பக்கமாவது பட்டையோடு பட்டை சேர வேண்டும். ஒட்டு தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் நிற்கட்டும். தொழுவுரமும் மண்ணும் அணைத்து அணைத்து ஒட்டு மூடிப்போனால் தாம்சனே அங்கிருந்து வேர்விடும். பிறகு கீழே எந்த வேர் இருந்தும் உப்புக்கும் நூற்புழுவுக்கும் காப்பு இல்லை. ஆண்டுக்கொரு முறை மண்ணை விலக்கிப் பார்த்து, அப்படி இறங்கிய வேர்களை அறுத்துவிடுங்கள்.