பழைய இங்கிலீஷ் படத்துல ஓரமா உக்காந்திருக்கறவங்க

பழைய ஹாலிவுட் படம்னு பேச்செடுத்தா எல்லாரும் ஹம்ஃப்ரி போகார்ட், இங்க்ரிட் பெர்க்மன், ஆட்ரி ஹெப்பர்ன்னு பெரிய பேராத்தான் சொல்லுவாங்க, அவங்க எல்லாம் அழகுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா இந்த மழைக்காலத்துல ஊட்டில வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்து அந்தப் படங்கள மறுபடி மறுபடி பார்த்ததுல எனக்குப் பட்டது வேற. அந்தப் படமெல்லாம் இன்னும் உயிரோட இருக்கறதுக்கு பாதிக் காரணம் ஓரமா உக்காந்திருக்கறவங்க. ஒத்த வசனம் பேசிட்டு போயிடறவங்க, சில பேருக்கு வசனமே கெடையாது.

காசாபிளாங்காவ எடுத்துக்கங்க. 1942ல வந்தது. போர் நடந்துட்டு இருக்கு, மொராக்கோல ஒரு கஃபே, ஐரோப்பால இருந்து தப்பிச்சு வந்தவங்க அமெரிக்கா போக வழி கெடைக்காதான்னு அங்க உக்காந்து காத்துட்டு இருக்காங்க. மொத தடவை பாக்கறப்ப காதல் கதைதான் கண்ணுக்குத் தெரியும். ஜெர்மன் ஆபீசருங்க அவங்க பாட்ட சத்தமா பாடிட்டு இருக்கறப்ப, நாஜிங்கள எதிர்த்துப் போராடற லாஸ்லோ நேரா பேண்ட் வாசிக்கறவங்ககிட்ட போய் பிரெஞ்சு தேசிய கீதத்த வாசிங்கன்னு சொல்லுவான் இல்ல, கஃபேல இருக்கற அத்தன பேரும் எழுந்து பாட ஆரம்பிப்பாங்க, அதுல ஒரு பொண்ணு கண்ணுல தண்ணி வழிய பாடும். அந்தப் பொண்ணு மேடலின் லெபோ, நிஜமாவே 1940ல நாஜிங்க பாரிஸுக்குள்ள வர்றப்ப புருஷனோட தப்பிச்சு ஓடி வந்தவங்க. அந்தப் புருஷன் மார்செல் டாலியோவும் இதே படத்துல சூதாட்ட மேசைகிட்ட நிக்கற ஆளா வர்றாரு. நாஜி மேஜரா நடிச்ச கான்ராட் ஃபைட் 1933லயே, ஹிட்லர் வந்த கையோட, யூத மனைவியோட ஜெர்மனிய விட்டு வந்தவரு. எவனுக்குப் பயந்து ஊர விட்டாரோ அவன் யூனிஃபார்மையே போட்டு நடிச்சிருக்காரு. இது தெரிஞ்சதுக்கு அப்புறம் அந்த சீன பாருங்க, ஹீரோ எங்க நிக்கறான்னு கூட தேட மாட்டீங்க.

இத எனக்கு கவனிக்க சொல்லிக் குடுத்தது எங்க பெரியப்பா. அவரு இந்து நகர்ல இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்ல வேல பார்த்தவரு, நாங்க எல்லாம் எச்.பி.எஃப்-னு சொல்லுவோம், 1960ல தொடங்கி 1967ல உற்பத்தி ஆரம்பிச்ச கம்பெனி, ஒரு காலத்துல இந்து பிலிம் போடாத போட்டோ ஸ்டுடியோவே இல்லைங்கற மாதிரி இருந்தது, இப்ப மூடிக் கெடக்கு. வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின பிலிம் மேல பூசற எடம் அவரோடது. வெளிச்சம் பட்டா பிலிம் போச்சு, அதனால இருட்டுலயேதான் வேல. அப்படி இருட்டுல நின்ன ஆளு கருப்பு வெள்ளப் படத்த பாக்கற விதமே தனி. நான் நடுவுல நிக்கற ஆள பார்த்துட்டு இருப்பேன், அவரு மூலைய பார்த்துட்டு இருப்பாரு. "அந்தத் தூணுகிட்ட நிக்கறவன பாரு கண்ணு, நெழல்லதான் நிக்கறான், ஆனா கண்ணு மட்டும் பளிச்சுன்னு தெரியுது பாத்தியா, லைட் போட்டவன் அவனுக்கும் சேர்த்து யோசிச்சுப் போட்டிருக்கான்" அப்படிம்பாரு. "பெரியப்பா, கதைய பாருங்க"ன்னு நான் சொன்னா, இதுவும் கதைதாங்கற மாதிரி ஒரு பார்வ பார்ப்பாரு.

ஜூலைல காத்தும் மழையுமா ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டுட்டு ட்வெல்வ் ஆங்க்ரி மென் பார்த்தோம். 1957, சிட்னி லூமெட்டோட மொத சினிமா. படம் கிட்டத்தட்ட மொத்தமும் ஒரே ரூமுக்குள்ள, வெயில் புழுக்கம், ஃபேன் ஓடல, கோர்ட்ல ஜூரியா, அதாவது குற்றவாளியா இல்லையான்னு முடிவு பண்ண உக்காந்த பன்னெண்டு சாதாரண ஆளுங்களும் சட்ட நனைய வேர்த்துட்டு ஒரு பையன மரண தண்டனைக்கு அனுப்பலாமா வேண்டாமான்னு சண்ட போடறாங்க. எங்களுக்கே வேர்த்த மாதிரி இருந்தது. அதுக்கு லூமெட் ஒரு வேல பண்ணியிருக்காரு. ஆரம்பத்துல கேமரா கண் மட்டத்துக்கு மேல இருக்கும், போகப் போக கீழ எறங்கும், லென்ஸும் நீளமானதா மாறிட்டே வரும், அதனால செவுரு நெருங்கி வர்ற மாதிரியும் கூரை தலைக்கு மேல எறங்கற மாதிரியும் ஆயிடும். அந்தப் பன்னெண்டு பேர்ல யாருக்கும் பேரே கெடையாது, கடைசில ரெண்டு பேரு மட்டும் கோர்ட் படிக்கட்டுல நின்னு பேர சொல்லிக்குவாங்க, அவ்வளவுதான். ஹென்றி ஃபோண்டா தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், ஆனா சாட்சி சொன்ன பொம்பள மூக்குல இருந்த கண்ணாடித் தழும்ப கவனிக்கறது யாரு, வயசான தாத்தா. ஜூரி சிஸ்டத்த பத்தி மத்தவங்களுக்கு மரியாதையா எடுத்துச் சொல்றது யாரு, வெளிநாட்டுல இருந்து வந்த கடிகாரக்காரரு. அவரா நடிச்ச ஜார்ஜ் வாஸ்கோவெக் செக்கோஸ்லோவாகியாக்காரரு, நாஜிகளால 1939ல அமெரிக்காவுக்கு வந்தவரு. இங்கயும் அதே கததான் பாருங்க.

ஹிட்ச்காக்கோட ரியர் விண்டோ (1954) பத்தி சொல்லணும்னா, மலை ஊர்ல இருக்கறவங்களுக்கு அது ரொம்ப கிட்டத்துல வரும். நம்ம வீடு மேட்டுல இருக்கும், ஜன்னல தொறந்தா கீழ் வீட்டு முற்றம், துணிக்கொடி, யாரு வந்தா யாரு போனா எல்லாம் தெரியும். படத்துல கால் ஒடிஞ்சு உக்காந்திருக்கற ஜேம்ஸ் ஸ்டீவர்ட் எதிர் வீட்ல கொல நடந்துச்சான்னு பார்த்துட்டு இருக்கறப்ப எனக்கு கண்ணு போறது கீழ் வீட்டுல தனியா இருக்கற ஒரு அம்மா மேலதான். யாரோ விருந்துக்கு வந்த மாதிரி மேசைய அலங்காரம் பண்ணி, வராத ஆளுகிட்ட பேசி சிரிச்சு, அப்புறம் அப்படியே மேசைல தலைய சாய்ச்சு அழுவாங்க. குளோசப் கெடையாது. தூரத்துல இருந்துதான் காட்டறாங்க. அந்தக் கொலகாரன் கத முடிஞ்சாலும் அந்தம்மா மனசுல உக்காந்துக்கறாங்க.

இதெல்லாம் தற்செயலா நடந்ததில்ல. அப்ப பெரிய ஸ்டுடியோங்க எல்லாம் நடிகர்கள கான்ட்ராக்ட் போட்டு சம்பளத்துக்கு வெச்சிருந்தாங்க, நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் மாதிரின்னு வெச்சுக்கங்களேன். அதனால ஹோட்டல் சர்வர், டாக்ஸி டிரைவர்னு ஒரு நிமிஷம் வர்ற வேஷத்துக்கும் வருஷக்கணக்கா அதையே பண்ணி கை தேர்ந்த ஆள் வருவாங்க. 1948ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட், ஸ்டுடியோவே தியேட்டரையும் கையில வெச்சுக்கறது தப்புன்னு தீர்ப்பு குடுத்துச்சு, அதுக்கப்புறம் அந்த ஏற்பாடு கொஞ்சம் கொஞ்சமா கலைஞ்சு போச்சு. நடிகர்கள கட்டிப் போட்ட சிஸ்டம் அது, அதுல நியாயமில்லாத விஷயம் நெறைய இருந்தது, அது போனதுல எனக்கு வருத்தமில்ல. ஆனா சின்ன வேஷத்துக்கு குடுத்த அந்த கவனம் போயிருக்க வேண்டாம்.

அடுத்து பெரியப்பாவுக்கு போட்டுக் காட்டணும்னு நெனச்சிருக்கறது தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ், 1946. போர் முடிஞ்சு ஊருக்குத் திரும்பற மூணு பேரு கத. அதுல ஹோமரா வர்ற ஹெரால்ட் ரஸ்ஸல் நடிகரே இல்ல, ராணுவத்துல ரெண்டு கையும் போன ஆளு, நிஜத்துலயும் அதே இரும்புக் கொக்கிதான், அந்த ஒரே வேஷத்துக்கு ரெண்டு ஆஸ்கர் குடுத்தாங்க. அதுல ஒரு பார் சீன் இருக்கு, முன்னாடி ஹோமர் கொக்கியால பியானோ வாசிக்கறான், எல்லாரும் அத பார்த்துட்டு இருக்காங்க, ரொம்பப் பின்னாடி கதவோரமா சின்னதா ஒரு டெலிபோன் பூத், அதுக்குள்ள அந்த மூணு பேர்ல இன்னொருத்தனான ஃப்ரெட், தான் விரும்பற பொண்ணுக்கு போன் பண்ணி இனிமே பாக்கறதில்லன்னு சொல்லிட்டு இருக்கான். அவன் பேசறது நமக்குக் கேக்கவே கேக்காது. கேமராமேன் கிரெக் டோலண்ட் கிட்ட இருக்கற பியானோவும் தூரத்துல இருக்கற பூத்தும் ஒண்ணு போல தெளிவா தெரியற மாதிரி எடுத்திருக்காரு. அத்தன தூரம் ஃபோகஸ் நிக்கணும்னா எவ்வளவு லைட் வேணும், எந்த வேகத்து பிலிம் வேணும்னு பெரியப்பா கணக்கு சொல்லுவாரு, நான் நோட்டுல எழுதி வெச்சுக்கணும்.